என் மகள் சொல்ல மாட்டாள்

என் மகளுக்குத் தண்ணீர் 'நண்ணி'. சிலிண்டர் 'சிண்டில்லு'. தக்காளி 'கத்தாளி', சப்பாத்தி 'பச்சாத்தி', செருப்பு 'செப்புரு'. வடாபாவை 'படாவாவ்' என்பாள். ரிக்ஷா 'சிச்சா'. அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், "அப்பா சிச்சால டேச்சன் போயாச்சி" என்பாள். அவள் அப்பா ரிக்ஷாவில் போகிறவர் இல்லை. ஸ்டேஷனுக்கும் போவதில்லை. இரண்டு சந்து தள்ளி, ரெக்சின் பை தைக்கிற பட்டறைக்கு நடந்தே போகிறவர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை அவளைச் சொல்லவைப்பதற்காகவே ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அவரைத் தேடினார்கள்.

நானும் சிரித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து, நீ மட்டும் யோக்கியமா என்று கேட்க வேண்டாம். பட்டறையிலிருந்து வருகிற பைகளுக்கு வீட்டில் உட்கார்ந்து உள்துணி தைக்கிறவள் நான். நாள் முழுக்க மெஷின் சத்தம். நடுவே இவள் வந்து, "அம்மா, சிண்டில்லு மாமா வந்தாச்சி" என்று சொன்னால் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சிரிப்பேன். இன்னொரு தடவை சொல்லு என்பேன். சொல்வாள். இன்னொரு தடவை என்பேன்.

இந்த இன்னொரு தடவையில்தான் எல்லாக் கேடும் இருக்கிறது.

தாராவியில் எங்கள் சந்தில் ஒன்பது அறைகள். ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே குழாய். சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். வீட்டுக்கு இருபது நிமிடம். குழாயில் மாட்டியிருக்கிற நீளமான பைப்பை இழுத்துப்போய் வீட்டுக்குள் இருக்கிற டிரம்மில் போட்டுக்கொள்ள வேண்டும். டிரம் நிரம்பியதும் குழாயை அடைத்துவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று "பைப் விட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அந்த வீட்டின் இருபது நிமிடம் தொடங்கும். சொல்லாமல் முறை நகராது. சொல் வராமல் யாரும் தானாக வந்து பைப்பை எடுக்கக் கூடாது. ஒரு காலத்தில் அப்படி எடுத்து, மண்டை உடைந்து, போலீஸ் வந்ததாம். அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எங்கள் சந்தில் இதை மீறியவர்கள் இல்லை.

பெரியவர்கள் உள்ளே டிரம்மைப் பார்த்துக்கொண்டு நிற்பதால், ஓடிப்போய்ச் சொல்வது பிள்ளைகளின் வேலை. எங்கள் வீடு ஐந்தாவது. ஆறாவது என் மைனி வீடு. மைனி என்றால் என் கணவரின் அக்கா. என் மகளுக்கு நாலு வயது முடிந்ததும் இந்த வேலையை அவளிடம் கொடுத்தேன். அவளுக்கு அப்படியொரு பெருமை. செப்புருவைப் போட்டுக்கொண்டு, குழாயை இரண்டு கையாலும் திருகி அடைத்துவிட்டு, மைனி வீட்டு வாசலுக்கு ஓடினாள்.

"பப்பை வித்தாச்சி."

"என்னட்டி வித்தாச்சி?" என்றாள் மைனி.

"பப்பை."

இங்கே மராத்திக்காரர்கள் பப்பாளியை அப்படித்தான் சொல்வார்கள். மைனிக்குப் போதாதா?

"பப்பாளியா? கிலோ என்ன வெலைக்குட்டி வித்த? எனக்கு ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா?"

பக்கத்து வாசலில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள். மறுநாள் மைனி போனைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாம் நாள் அந்த வீடியோ எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போனது. பாண்டுப்பிலிருந்து கண்ணீர் வரச் சிரிக்கிற முகம் பத்து வந்தது. காட்கோபரிலிருந்து என் கொழுந்தன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: "அக்கா, நாளைக்கி அவள 'ஹெலிகாப்டர்' சொல்லச் சொல்லுங்க." ஊரிலிருந்தும் ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை கேட்டார்கள். கல்யாண வீட்டில் பாட்டுக் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு அவள் ஒரு தடவை சொல்லி முறை நகர்ந்ததே இல்லை. மூன்று தடவை, நாலு தடவை. 'ஹெலிகாப்டர்' சொல்லு, 'பிஸ்கட்' சொல்லு, 'மொபைல்' சொல்லு. எல்லாம் சொல்லி முடித்தால்தான் மைனி வந்து பைப்பை எடுப்பாள்.

போன மழைக்காலம் முடிகிற சமயம் என் மகள் பேச்சைக் குறைத்தாள். முதலில் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். பிஸ்கட் வேண்டுமென்றால் டப்பாவைக் காட்டினாள். யாராவது வீட்டுக்கு வந்தால் மேலே பலகைத் தட்டுக்கு ஏறுகிற ஏணியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அடம் என்று நினைத்தேன். இரண்டு அடி போட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அழுகைகூடச் சத்தமில்லாமல் அழுதாள்.

பால்வாடி டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "ரெண்டு வாரமா ஒரு வார்த்தை பேசலை. காது கேக்குதான்னு டெஸ்ட் பண்ணுங்க. ஜூன்ல பெரிய ஸ்கூல்ல சேக்கணும் இல்ல? அங்க கேள்வி கேட்டா இப்படியே நின்னா எப்படி எடுப்பாங்க?"

என் கணவர் ஒரு நாள் லீவு போட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்தோம். காதில் எதையோ மாட்டி, மணி அடித்து, விசில் ஊதிப் பார்த்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். காது கேட்காமல் இருந்தால்தானே? யார் எந்த வாசலில் சிரிக்கிறார்கள் என்று சந்து முழுக்கக் கேட்டிருக்கிறது அவளுக்கு.

அன்றைக்குத் திரும்பி வந்து, அவள் தூங்கிய பிறகு, கணவரின் போனை எடுத்து அந்தக் குரூப்பைத் திறந்தேன். முப்பதுக்கு மேல் இருந்தன அவள் வீடியோக்கள். ஒன்றொன்றாகப் பார்த்தேன். முதல் வீடியோவில் சொல்லிவிட்டுத் தானும் சிரிக்கிறாள். பத்தாவதில் சொல்லிவிட்டு மைனி முகத்தைப் பார்க்கிறாள், பிறகு பக்கத்தில் நிற்கிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். இருபதுக்குப் பக்கத்தில் சொல்வதற்கு முன்பே பார்க்கிறாள். கடைசி வீடியோவில் வாய் திறக்கிறது, 'ப' வரைக்கும் வருகிறது, மூடிக்கொள்கிறது. யாரோ சிரிக்கிறார்கள். வேறு யாரையும் விடச் சத்தமாக. அந்தச் சிரிப்பு என்னுடையது.

எனக்குக் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது வயது இருபது. இந்தி ஒரு எழுத்து தெரியாது. கணவர் சொல்லிக் கொடுத்த நாலு வார்த்தையோடு மார்க்கெட்டுக்குப் போய் வெண்டைக்காய் அரைக் கிலோ கேட்டேன். காய்கறிக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டார். "ஃபிர் ஸே போல்" என்றார். மறுபடி சொல் என்று அர்த்தம், அதுவும் எனக்கு அப்போது தெரியவில்லை. கையைக் காட்டினார். மறுபடி சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அதற்குப் பிறகு ஒரு வருஷம் எந்தக் காய் வேண்டுமென்றாலும் விரலால் காட்டித்தான் வாங்கினேன். விரலால் காட்ட முடியாத சாமான்களை வாங்கவே இல்லை. இன்றைக்கு நான் இந்தியில் சண்டை போட்டால் அந்த மார்க்கெட்டே விலகி நிற்கும். ஆனால் அந்த ஒரு வருஷம் யாருக்குக் கணக்கு?

அதே ஆள்தானே நான்? எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

காலையில் குரூப்பில் நானே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். எழுதினால் அழகாக எழுத வராது, அதனால் பேசினேன். "இனிமே என் பிள்ள வீடியோவ ஒருத்தரும் எடுக்காண்டாம், கேக்காண்டாம். அவ வாயி ஒங்களுக்குச் சினிமா இல்ல. இதுவர உள்ளத எல்லாரும் அழிங்க. நானும் சிரிச்சவதான், என்னையும் சேத்துத்தான் சொல்லுதேன்." கொழுந்தன் குரூப்பை விட்டுப் போய்விட்டான். பாண்டுப்பில் இருக்கிற சித்தி, "பிள்ள வளக்குறதுக்கு இவ ஒருத்திதான் பொறந்திருக்கா" என்று பதில் போட்டாள். மைனி ஒன்றும் போடவில்லை. நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"நான் என்ன அவள அடிச்சேனா, கிள்ளுனேனா? கொஞ்சுனது தப்பாட்டி?"

"கொஞ்சுங்க மைனி. போன வீட்டுல வச்சிட்டு வந்து கொஞ்சுங்க."

"என் தம்பி பிள்ளைய நான் படம் எடுக்க ஒண்ட்ட கேக்கணுமோ?"

"ஆமா, கேக்கணும்."

அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. ஐந்தாவது முறை முடிந்ததும் நானே போய் மைனி வாசலில் நின்று "பைப் விட்டாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வந்து பைப்பை எடுத்தாள். இப்படி ஒரு மாதம் ஓடியது. என் மகள் அப்போதும் பேசவில்லை. என் காதில் மட்டும், வாயை ஒட்டிவைத்து, எப்போதாவது ஒரு வார்த்தை.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் எங்கள் முறை வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று டிரம்மை நிரப்பினேன். நிரம்பியதும் கண் இருட்டியது. என் மகளைக் கூப்பிட்டேன்.

"கொழாய அடச்சிட்டு அத்த வீட்டுக் கதவத் தட்டிட்டு வா. ஒண்ணும் சொல்லாண்டாம். தட்டுனாப் போதும்."

அவள் போனாள். நான் படுத்தேன். படுத்தவள் தூங்கிவிட்டேன். அது என் தப்பு.

சத்தம் கேட்டு எழுந்தபோது மணி ஆறேகால் தாண்டியிருந்தது. நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் மகள் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். மைனி வந்து, "என்ன?" என்றிருக்கிறாள். இவள் நின்றிருக்கிறாள். "சொல்லு. சொன்னாத்தான எடுப்பேன்" என்றிருக்கிறாள். இவள் நின்றிருக்கிறாள். மைனி வாசலில் உட்கார்ந்துகொண்டு, "சொல்லு தங்கம், ஒரே ஒரு மட்டம்" என்று கெஞ்சியிருக்கிறாள், மிரட்டியிருக்கிறாள், சாக்லெட் காட்டியிருக்கிறாள். குழாய் அடைத்துக் கிடக்கிறது. பைப் சந்தில் சும்மா கிடக்கிறது. ஏழாவது, எட்டாவது வீட்டில் இருந்தவர்கள் மைனி முறை நடக்கிறது என்று நினைத்து அவரவர் வேலையைப் பார்த்திருக்கிறார்கள்.

தண்ணீர் வருகிற நேரம் வீணாகிறபோது ஒரு மனுஷி இப்படி உட்கார்ந்திருப்பாளா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் சந்தில் உட்காருவார்கள். ஏனென்றால் சொல் வராதவரை மைனியின் இருபது நிமிடம் பத்திரமாக இருக்கிறது. அது தொடங்கவே இல்லையே. போவது யாருடைய நேரமோ. அப்படித்தான் அவள் கணக்கு.

கடைசி வீட்டு மராத்திக்கார அம்மாதான், எங்கள் எல்லோருக்கும் அவர் மவுசி, என்ன இவ்வளவு நேரம் என்று எட்டிப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அதற்குள் முப்பத்தைந்து நிமிடம் போய்விட்டது. மிச்சமிருந்த நேரத்தில் மைனியும் ஏழாவது வீடும் பிடித்தார்கள். எட்டாவது வீட்டுக்கு ரெண்டு குடம். மவுசிக்கு ஒன்றுமில்லை.

நான் போய்ப் பார்க்கும்போது என் மகள் அதே வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டிவிட்டு வா என்று சொன்னேன். ஆனால் அத்தை பைப்பை எடுக்கவில்லையே, எப்படித் திரும்பி வருவாள்? பாவாடை நனைந்திருந்தது. குழாய்த் தண்ணீரில் நனைந்தது இல்லை அது. மைனியின் கையில் போன் இருந்தது.

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் இன்னொரு தடவை போலீஸ் வந்திருக்கும்.

மறுநாள் காலையில் ஒன்பது வீடும் குழாய்ப் பக்கத்தில் கூடியது. முதல் வீட்டு அண்ணாச்சிதான் இந்த மாதிரி விஷயங்களில் பேசுவார். முறையின் நேரமும் அவர் வீட்டுக் கடிகாரம்தான்.

"ஏம்மா, சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். "ஒன் வீட்டுலேருந்து சொல் வரல. ரெண்டு வீட்டுக்கு ஒழுங்காத் தண்ணி கெடைக்கல."

"கதவத் தட்டுனா அண்ணாச்சி. தட்டுனது கேட்டுச்சா இல்லியான்னு அவியகிட்டயே கேளுங்க."

"தட்டுனா" என்றாள் மைனி. "வாயத் தொறந்து சொன்னாளா? இவதான் சொல்லாண்டாம்னு சொல்லி அனுப்பியிருக்கா."

"ஆமா. நாந்தான் சொன்னேன்."

"பாத்தியளா?"

"நாலர வயசுப் பிள்ளைய அர மணி நேரம் வாசல்ல நிறுத்தி வச்சிருக்கிய. அவ ஒண்ணுக்குப் போயி நனஞ்சு நிக்கா. அதப் பாத்தியளா நீங்க?"

மைனி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு அண்ணாச்சி சமாதானம் சொல்கிற குரலில் ஆரம்பித்தார்.

"சரிம்மா. நடந்தது நடந்துபோச்சு. இப்பம் பிள்ள எல்லாரு முன்னாலயும் ஒரு மட்டம் சொல்லிரட்டும். 'பைப் விட்டாச்சு', அவ்வளவுதான். சின்னப்பிள்ள எப்படிச் சொன்னாலும் சரி. சொல்லிட்டா பழையபடி அஞ்சாவது முறை. சொல்லலன்னா கொஞ்ச நாளைக்கி நீ கடைசில எடுத்துக்க. மவுசிக்குத்தான நட்டம், அவிய பின்னால நின்னுக்க."

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியவில்லை. கடைசி முறை என்றால் என்ன என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆறரைக்கு மேல் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வரும். எட்டு வீட்டுக்கு அப்புறம் மிஞ்சினால் ஒரு வாளி.

என் மகள் என் இடுப்பில் இருந்தாள். முகத்தை என் கழுத்தில் புதைத்திருந்தாள்.

"ஒருத்தரும் சிரிக்க மாட்டியளா?" என்று கேட்டேன்.

பின்னால் யாரோ அதற்கே சிரித்தார்கள்.

"அப்பம் கடைசிலேயே எடுத்துக்கிடுதேன். என் பிள்ள சொல்ல மாட்டா."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்ததும் கணவர் தொடங்கினார். "ஒரு வார்த்த. அதச் சொல்லிட்டா முடிஞ்சுபோகும். ஊரோட பகைச்சிட்டு அர வாளில குளிக்கச் சொல்லுதியா?"

"நீங்க போயிச் சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல?"

"எல்லாரு முன்னாலயும் நின்னு மழலை பேசிக் காட்டுங்க. 'சிண்டில்லு' சொல்லுங்க, 'பச்சாத்தி' சொல்லுங்க. சிரிக்கட்டும். அப்புறம் வந்து எங்கிட்டச் சொல்லுங்க, எப்படியிருந்துச்சுன்னு."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் பட்டறையிலிருந்து வரும்போது இரண்டு கேன் தண்ணீர் தோளில் இருந்தது. அதற்குப் பிறகு தினமும் இரண்டு கேன். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் கணவரைப் பற்றி நான் எங்கேயும் பெருமையாகப் பேசியதில்லை, இங்கே பேசிவிடுகிறேன்.

கடைசி முறை கஷ்டமாகத்தான் இருந்தது. துணி துவைப்பது வாரத்துக்கு இரண்டு நாள் என்றானது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் வாசலைக் கழுவினேன். மைனி வீட்டு டிரம் நிரம்பி வழிகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். கேட்கட்டும் என்று தைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. மவுசி இத்தனை வருஷமாகக் கடைசி வீடு. அவருக்குப் பின்னால் யாரும் இல்லாததால் அவர் யாருக்கும் முறை சொன்னதே இல்லை. இப்போது எங்களுக்குச் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. தமிழ் புரியும், குழாயடிச் சண்டையிலேயே கற்றுக்கொண்டவர். பேசிப் பழக்கமில்லை. தண்ணீர் கிடைக்காத அன்றைக்கு என் மேல் கோபமாகத்தான் இருந்தார். ஆனாலும் சட்டம் சட்டம். முதல் நாள் எங்கள் வாசலில் வந்து நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"பாயிப் சோட்லாச்சி."

பாதி மராத்தி, பாதி தமிழ், இரண்டிலும் சேராத ஒன்று. யாரும் சிரிக்கவில்லை. மவுசியைப் பார்த்துச் சிரித்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏணியில் உட்கார்ந்திருந்த என் மகள் தலையை நீட்டிப் பார்த்தாள்.

மறுநாளும் "பாயிப் சோட்லாச்சி." அதற்கு மறுநாளும். என் மகள் ஏணியிலிருந்து இறங்கி வாசலில் உட்கார ஆரம்பித்தாள். மவுசி வருகிற நேரம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்வதை வாயைப் பார்த்துக் கேட்பாள். பிறகு சந்தில் மற்ற வாசல்களைப் பார்ப்பாள். எந்த வாசலிலும் ஒன்றும் நடக்காது. மவுசி பைப்பின் நுனியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்.

மூன்று வாரம் போயிருக்கும். மவுசி வந்து சொன்னதும் குழாயைத் திறந்துவிட்டு, நான் உள்ளே டிரம் பக்கத்தில் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மவுசி தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். அப்போது வாசலில் என் மகள் குரல் கேட்டது. காதுக்குள் பேசுகிற குரல் இல்லை. சாதாரணக் குரல்.

"மவ்சி, ஒங்க டம்மு பெம்பிச்சா?"

டிரம் நெம்பிச்சா என்று கேட்கிறாள். நான் அசையவில்லை.

மவுசி நின்றார். யோசித்தார். "பெம்பிச்சி" என்றார். "டம்மு பெம்பிச்சி. பால்டி பீ பெம்பிச்சி."

வாளியும் நிரம்பிவிட்டதாம். அவர் கேலி செய்யவில்லை. கொஞ்சவும் இல்லை. நிரம்புவதற்குத் தமிழில் என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியாது. என் மகள் சொன்னாள், அதுதான் தமிழ் என்று எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். நான் திருத்தவில்லை.

"எங்க டம்மு பெம்பாது" என்றாள் என் மகள். "நண்ணி கொஞ்சம்தான் வருது."

"க்யா கரேகா", என்ன செய்ய முடியும் என்று கையை விரித்தார் மவுசி. "மேலே ஆபீஸ்ல போலோ."

"எந்த ஆபீசு?"

"பானி ஆபீஸ்." தண்ணீர் ஆபீசைச் சொல்கிறார்.

பைப் என் கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் தண்ணீர். நான் அழுதேன் என்று பிறகு என் கணவர் எல்லோரிடமும் சொன்னார். அதெல்லாம் இல்லை. வந்த அரை வாளியும் போயிற்றே என்றிருந்தது, அவ்வளவுதான்.

அவள் பேசுவது எங்கள் சந்தில் எத்தனை நேரம் மறைந்திருக்கும்? மறுநாள் அண்ணாச்சி வந்தார். "பிள்ள பேசுதாளாமே. சந்தோசம்மா. நாளையிலேருந்து பழையபடி அஞ்சாவதா எடுத்துக்க" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"கோவமா?"

"கோவந்தான். ஆனா அதுக்காக இல்ல. அஞ்சாவதா எடுத்தா ஆறாவது வீட்டுக்கு அவ போயிச் சொல்லணும். கடைசின்னா அவ ஒருத்தருக்கும் சொல்லாண்டாம். எப்பம் சொல்லணும்னு அவளுக்குத் தோணுதோ அப்பம் பாத்துக்கிடலாம்."

அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைனி வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. கையில் போன்.

"பேசுதாளாமே" என்றாள்.

"பேசுதா."

"எங்கிட்ட ஒரு வார்த்த பேசச் சொல்லு. ரெண்டு மாசமாச்சுட்டி, என்னப் பாத்தா ஏணிக்கு ஓடுதா. என் வீடு பிள்ளையில்லாத வீடு."

மைனிக்குப் பிள்ளை இல்லை. அதை அவளே தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் நான் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் சொல்லச் சொல்ல மாட்டேன் மைனி. ஒங்களுக்கு அவளோட இருக்கணும்னா வந்து உக்காருங்க. போன அங்கன வச்சிட்டு வாங்க."

மைனி போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்து நான் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு உள்துணி முடிகிற நேரத்தில் திரும்பி வந்தாள். வந்து தரையில் உட்கார்ந்தாள். மடியில் இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தாள். வெறுங்கை. முகம் உர்ரென்று இருந்தது.

என் மகள் ஏணியில் மூன்றாவது படியில் இருந்தாள். முதலில் அத்தையின் கைகளைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இறங்கி வந்து, பின்பக்கமாகச் சுற்றிப்போய், முதுகுக்குப் பின்னால் தரையிலும் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு கேட்டாள்.

"அத்த, நண்ணி வேணுமா?"

மைனியின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். என் மகளும் பார்த்தாள். மைனி உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள்.

"குடு" என்றாள். "தாகமாத்தான் இருக்கு."

எங்களிடம் அன்றைக்கு ஒரு குடம்தான் இருந்தது. என் மகள் டம்ளர் வழிய மொண்டு, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். மைனி முழுவதையும் குடித்தாள்.